வகுப்பில் தூங்கும் பையன்

இருபத்தேழாவது தாளை மடிக்கும்போதுதான் லூடீன் அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்தாள். அதுவரை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் நீவி, அடுக்கில் வைப்பதுதான் வேலையாக இருந்தது. முகப்பில் அப்பாவின் படம். கழுத்துப்பட்டி இறுக்கிப் பிடித்ததில், யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனதுபோல ஒரு முகம். உள்ளே, மறைந்த டீக்கன் எஃப்ரெயிம் ஹேட்சரின் வாழ்க்கைக் குறிப்பு. பிறந்த ஊர், ஞானஸ்நானம், இறைச்சி ஆலையில் பத்தொன்பது வருடம், முன்பே கர்த்தருக்குள் போய்விட்ட மனைவி. கடைசி வரி: ‘அன்னாரை இழந்து வாடுவோர்: சகோதரி ஜெனோபியா, விச்சிட்டாவில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் ஒரே மகள் லூடீன்.’

விச்சிட்டாவில் லூடீன் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

எட்டு வருடமாக அவள் பியானோ வாசிக்கிறாள். முதலில் ஊமைப்படக் கொட்டகையில். திரையில் குதிரை ஓடினால் வேகமாக, காதலி அழுதால் மெதுவாக. படம் பேசக் கற்றுக்கொண்டதும் கொட்டகைக்காரர் பியானோவை மூடி அதன்மேல் சோளப்பொரி இயந்திரத்தை வைத்தார். பிறகு நடனக் குழுக்கள். கன்சாஸ், ஒக்லஹோமா, நெப்ராஸ்கா என்று பஸ்ஸில் போய்க் கிடைத்த கூடத்தில் ஜனங்களை ஆடவைப்பது. ஆனால் எந்தக் குழுவிலும் அவள் நிரந்தரம் இல்லை. பியானோக்காரன் குடித்துவிட்டு விழுந்தாலோ, சிறைக்குப் போனாலோ அவளைக் கூப்பிடுவார்கள். “இன்னைக்கு மட்டும்” என்பார்கள். அப்படி ‘இன்னைக்கு மட்டும்’ டெல்மார் ஸ்டோக்ஸின் குழுவில் மூன்று வருடம் வாசித்துவிட்டாள். ஹாலிஸ் என்கிற நிரந்தரப் பியானோக்காரன் நடுநடுவே தெளிந்து எழுந்து வந்துவிடுவான். பஸ்ஸில் முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு பதின்மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு அவள்தான் இசை எழுதினாள். தாளின் தலையில் ‘இசையமைப்பு: டெல்மார் ஸ்டோக்ஸ்’ என்பதை மட்டும் ஸ்டோக்ஸ் தன் கையாலேயே எழுதுவார். அந்த உழைப்பை அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

போன வாரம் ஹாலிஸ் லாண்டரி வைத்திருக்கிற ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு இசையைத் துறந்தான். திங்கட்கிழமை கன்சாஸ் சிட்டியில் அப்பா ஆலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை, அப்பா வீட்டுத் தெருமுனை மருந்துக்கடைத் தொலைபேசியில் ஸ்டோக்ஸ் லூடீனைப் பிடித்தார்.

“வியாழக்கிழமை மூணு மணி. கன்சாஸ் சிட்டில வாத்தியக்காரங்க சங்கக் கட்டடத்து வாசல். செயின்ட் லூயிஸ்லேர்ந்து டோபிகா போற வழியில நிப்பாட்டுவேன். ஏறிட்டா பியானோ ஸ்டூல் உன்னுது. இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும்.”

“எங்கப்பா தவறிட்டாரு மிஸ்டர் ஸ்டோக்ஸ். வியாழக்கிழமைதான் அடக்கம்.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டு.”

“அப்ப மூணுக்குள்ள முடிஞ்சிரும்ல” என்றார். வைப்பதற்கு முன், “ரொம்ப வருத்தம்” என்றும் சேர்த்துக்கொண்டார். ஸ்டோக்ஸ் மூன்று என்றால் மூன்றுதான். ஒமாஹாவில் முகம் கழுவப் போன சொந்த மனைவியையே விட்டுவிட்டு வண்டியை எடுத்தவர். அந்த அம்மாள் ரயில் பிடித்து அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது வேறு விஷயம்.

“யாரு அத்தை இப்படிப் போடச் சொன்னது?” என்றாள் லூடீன் இப்போது, மடித்துக்கொண்டிருந்த தாளை நீட்டி.

ஜெனோபியா அத்தை தொப்பி ஊசியைப் பல்லில் கடித்திருந்தாள். எடுத்துவிட்டுப் பேசினாள். “எப்படி?”

“டீச்சர்னு.”

“பின்ன என்ன, ஹெட்மாஸ்டர்னா போடணும்? உங்கப்பன் சொன்னதைத்தான் போட்டேன். எட்டு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குக்கூட உன்னை லீவு விடமாட்டாங்கன்னு சொல்வான். என்ன பள்ளிக்கூடமோ, ஜெயிலாட்டம்.”

கிறிஸ்துமஸ் வாரத்தில் நாளுக்கு இரண்டு நடனம் இருக்கும். லூடீன் வாயைத் திறந்தாள். அத்தை கண்ணாடி முன்னால் ஊசியைத் தொப்பிக்குள் செலுத்திக்கொண்டிருந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, எதிரியைக் குத்துவதுபோல. லூடீன் வாயை மூடிக்கொண்டாள்.

வாரம் ஒரு கடிதம் எழுதினாள் அப்பாவுக்கு. நாலு பக்கம். யார் எங்கே தூங்கினார்கள், யார் யாரோடு சண்டை, எந்த ஊரில் பியானோவுக்குள் எலி குடும்பம் நடத்தியது, எல்லாம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. படிக்க நேரமில்லாதவர், எழுதக் கூச்சப்படுகிறவர் என்று எட்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது காரணம் அச்சிலேயே வந்துவிட்டது. டீக்கன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் மகள் நடனக் கூடத்தில் வாசிக்கிறாள் என்று எப்படிச் சொல்வார்? அடக்கத்தன்றைக்கே அவரைப் பொய்யராக்க அவளுக்கு மனம் வரவில்லை. மீதித் தாள்களையும் மடித்தாள். மடிப்பு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

சர்ச்சில் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்து, வெள்ளை உடுப்புப் பெண்கள் இருவர் இரண்டு பக்கமும் விசிறியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் சர்ச் பியானோக்காரி சிஸ்டர் பர்டி டிராமிலிருந்து விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தாள். இரண்டு ஞாயிறாக ஒரு டீக்கன் சுருதிக்கு விசிலடித்து ஒப்பேற்றியிருந்தார். “டீச்சருக்கு ஞானப்பாட்டு வாசிக்கத் தெரியாமலா இருக்கும்” என்று அத்தை தீர்மானித்துவிட்டாள். ஆக லூடீன் பியானோவில் உட்கார்ந்தாள். அங்கிருந்து நேர் எதிரே பெட்டியில் அப்பா தெரிந்தார். அவருக்கு மேலே, மாடி விளிம்பில், கடிகாரம் தெரிந்தது. ஒன்றைப் பார்க்காமல் இன்னொன்றைப் பார்க்க முடியாது.

நிரலில் ‘நினைவுரை: நால்வர். தயவுசெய்து இரண்டு நிமிடம் மட்டும்’ என்று இருந்தது. எங்கள் கறுப்பர் சர்ச்சுகளில் தலைமுறை தலைமுறையாக அந்த வரியை அச்சடிக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் பேச எழுந்ததில்லை, பேச எழுந்தவர்கள் அதைப் படித்ததில்லை. நிறுத்தும் அதிகாரம் போதகருக்கும் கிடையாது. பியானோவுக்கு மட்டும்தான் உண்டு. பேச்சுக்கு அடியில் மெல்லக் கையை வைத்து வார்த்தையைத் தூக்கிக் கொடுக்கலாம். இல்லை, முடிவை நோக்கி ஒவ்வொரு சுரமாக நடக்கத் தொடங்கலாம். பேசுகிறவரின் குரல் அவர் அறியாமலே கூட நடந்து, ஆமென் வந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். லூடீனுக்கு இது கைவந்த கலை. சாக்ஸஃபோன்காரன் தன் முறையை முடிக்காமல் ஊதிக்கொண்டே போனால், ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் அவனை உட்காரவைக்கிற ஆள் அவள்தான்.

முதலில், லாட்ஜ் என்கிற சகோதரச் சங்கத்தின் பிரதிநிதி. தன் பதவியின் பெயரை முழுசாகச் சொல்லி முடித்த இடத்திலேயே ஆமெனில் இறங்கினார். அடுத்து மிஷனரிச் சங்கத் தலைவி. அதற்கடுத்து ஞாயிறு பள்ளி மேற்பார்வையாளர். அவர் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் எங்கே வெட்டினாலும் நஷ்டமில்லை. ஒன்பது நிமிடத்தில் மூன்று பேர். இப்படி ஒரு வேகத்தை யாரும் கண்டதில்லை. போதகர் மேபெரி பியானோவை மரியாதையோடு பார்த்தார். அடுத்து பிரசங்கம் தன்னுடையது என்பது நினைவுக்கு வந்ததும் அதில் கொஞ்சம் பயமும் சேர்ந்தது.

மணி ஒன்று இருபது. நாலாவது ஆளும் மூன்று நிமிடத்தில் உட்கார்ந்தால் பஸ் கிடைக்கும். இதை அப்பாவின் மூடிய கண்களுக்கு எதிரே கணக்குப் போட்டதில் லூடீனுக்குக் காது சுட்டது. ஆனாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது.

நாலாவது ஆள் கிளியோஃபஸ் யான்சி. ஆலையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கத்தி. பெரிய உடம்பு, தொப்பியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அப்படிப் பேச்சு.

“ஹேட்சரும் நானும்,” என்றார். நிறுத்தினார். “பத்தொம்போது வருஷம். ஒரே கொக்கிக்கு முன்னால.”

“சொல்லுங்க பிரதர்” என்றது பின்பெஞ்சு.

“நல்ல மனுசன்.” தொப்பியைத் திருப்பினார். வேறு ஒன்றும் வரவில்லை. போதகர் லூடீனைப் பார்த்தார். லூடீன் இடது கையால் முடிவை நோக்கி நடக்கத் தொடங்கினாள். யான்சியும் பணிவாக அதோடு நடந்தார். “கர்த்தர் அவரை... அவ்வளவுதான்,” என்று பாதி திரும்பிவிட்டார். திரும்பியவர் நின்றார்.

“இல்ல. ஒண்ணு சொல்லணும். அவரு பொண்ணு டீச்சர்னு சொல்வாரு. இதுலயும் போட்டிருக்கு. அது பொய்.”

விசிறிகள் நின்றன.

லூடீனின் கை அடுத்த சுரத்தின்மேல் அப்படியே இருந்தது. அழுத்தினால் ஆமென். அப்பாவின் பெயரும் பிழைக்கும், பஸ்ஸும் கிடைக்கும். யான்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அனுமதி கேட்கிற மாதிரி. கடிகாரத்தின் முள் ஒரு கோடு நகர்ந்தது. லூடீன் கையைத் தூக்கி, பாட்டைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய், மெதுவாக முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு சுற்று எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். வாத்தியக்காரர்களின் பாஷை அது. கசாப்புக்காரருக்கும் புரிந்தது.

“நேரம் எடுத்துக்கப்பா” என்றாள் ஒரு கிழவி.

“சாப்பாட்டு நேரத்துல லெட்டர் படிப்பாரு,” என்றார் யான்சி. இப்போது அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் அடியில் பியானோ இருந்தது. இடைவெளி வெறுமையாக இல்லை. “டீச்சர் பொண்ணு எழுதின லெட்டர். வாராவாரம் வரும். பன்னெண்டு பேர் சுத்தி உக்காந்து கேப்போம். அவ வகுப்புல பதிமூணு பசங்க. எல்லாரும் எங்களுக்கு அத்துபடி. ஒருத்தன் எப்பவும் மேசையத் தட்டிக்கிட்டே இருப்பான். ஒருத்தன் ரெண்டு பொம்பளப் பசங்களுக்கு ஒரே சமயத்துல லெட்டர் குடுத்து மாட்டிக்கிட்டான். பிஸ்கட்டுன்னு ஒரு பையன். வகுப்புல உக்காந்தபடியே தூங்குவான். ஆனா அவன் முறை வர்றப்ப டக்குனு எந்திரிச்சு, சரியான பதிலச் சொல்லிட்டு, உக்காந்து மறுபடி தூங்கிருவான்.”

லூடீனின் வலது கை ஒரு சுரத்தைத் தவறவிட்டது. எட்டு வருடத்தில் அது அபூர்வம்.

“ஹெட்மாஸ்டர் ஒருத்தர் உண்டு. டீச்சர் ராத்திரியெல்லாம் உக்காந்து பாடம் எழுதுவா. இவரு மேல தன் பேரப் போட்டுக்குவாரு. அது வந்த வாரம் ஹேட்சர் யாரோடயும் பேசல. கத்தியத் தீட்டிக்கிட்டே இருந்தாரு. நாங்கதான் சமாதானம் பண்ணோம்.”

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

“போன வருஷம் டல்சால என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனான். மேடையில பதிமூணு பேர். ஒருத்தன் டிரம்ஸத் தட்டிக்கிட்டே இருக்கான். ஓரத்துல ஒருத்தன் டிராம்போன மடியில வெச்சுக்கிட்டுத் தூங்குறான். பியானோவுல அந்தப் பொண்ணு மேல ரெண்டு சுரத்த டிங் டிங்னு தட்டுச்சு. அவன் எந்திரிச்சான். ஊதினான். உக்காந்தான். தூங்கிட்டான்.” யான்சி தொப்பியை முதல் முறையாக மார்பிலிருந்து எடுத்தார். “அப்பத்தான் அது என்ன பள்ளிக்கூடம்னு தெரிஞ்சுது எனக்கு.”

இப்போது சிரிப்பை யாரும் இருமலாக்கவில்லை.

“திரும்பி வந்து ஹேட்சர்கிட்ட சொன்னேன். உன் பள்ளிக்கூடத்தப் பாத்துட்டேன்யான்னு. மனுசன் வெளிறிட்டாரு. சர்ச்சுல சொல்லிராத, ஜெனோபியாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவான்னாரு. சொல்ல மாட்டேன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டாரு, அவ நல்லா வாசிச்சாளான்னு. எனக்கு சங்கீதம் தெரியாது, ஒரு மணி நேரம் இருந்துட்டு வந்துரலாம்னு போனேன், கதவு சாத்துறவரைக்கும் இருந்தேன்னு சொன்னேன்.” கொஞ்ச நேரம் பியானோ மட்டும் பேசியது. “அன்னைக்கு என் பங்கு வேலையையும் அவரே செஞ்சாரு.”

உட்கார்ந்தார். லூடீன் ஆமென் வாசிக்கவில்லை. மறந்துபோய்விட்டாள்.

ஜெனோபியா அத்தை எழுந்து நின்றாள். தொப்பியும் எழுந்து நின்றது.

“அந்தத் தூங்குற பையன்,” என்றாள் லூடீனைப் பார்த்து. “வகுப்புல தூங்குற ஒரு புள்ளைக்காக ஜெபம் பண்ணுன்னு உங்கப்பன் எங்கிட்ட சொன்னான். மூணு வருஷம். புதன்கிழமை தவறாம முழங்கால் போட்டிருக்கேன். அவனுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தியொண்ணு அத்தை.”

அத்தை அதை யோசித்தாள். “பண்ணின ஜெபத்தைத் திரும்ப வாங்க முடியாது,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

போதகர் பிரசங்கத்தை ஐம்பது நிமிடம் செய்தார். பியானோ இனிமேல் தன்னை நிறுத்தாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். காலையில் பெய்த மழையில் மஞ்சள் களிமண் கொழகொழத்திருந்தது. கயிறு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலையின் சங்கு ஊதியது. யான்சியும் இன்னும் பதினொரு பேரும் பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தினார்கள். லூடீன் நிமிர்த்தவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். அது கையை விட்டு லேசில் போகவில்லை.

“என்னடி, யாரையோ வழியனுப்புறவ மாதிரி ரோட்டையே பாக்கறே,” என்றாள் அத்தை, திரும்பி நடக்கும்போது.

லூடீன் சொன்னாள். ஸ்டூல், ஸ்டோக்ஸ், மூன்று மணி, டோபிகாவில் இன்றைக்கு எட்டு மணிக்கு நடனம். சுருக்கமாகத்தான் சொன்னாள். அத்தை முழுசையும் நின்று கேட்டாள்.

“இதைக் காலையிலயே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா?”

“யான்சியைப் பேச விட்டிருக்க மாட்டேன்.” அத்தை சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கி அடுத்ததை வைத்தாள். “அதுவும் நல்லதா இருந்திருக்காது.” பிறகு வாசலில் நின்ற கறுப்பு வண்டியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். “பீஸ்லி. இந்த வண்டி இப்ப எங்க போகுது?”

சவ வண்டி ஓட்டும் பீஸ்லி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “கொட்டகைக்குத்தான் சிஸ்டர். வேலை முடிஞ்சுதே.”

“காலியாத்தானே போகுது?”

“காலியாத்தான் போகணும் சிஸ்டர். பெட்டியோட திரும்பினா தொழிலுக்கு நல்லதில்ல.”

“அப்ப டோபிகா வழியா போ.”

டோபிகா அறுபது மைலுக்கு மேலே, எதிர்த் திசையில். பீஸ்லி முதலாளியைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தார். முதலாளிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது தண்ணீருக்குள் தூக்கிப் பிடித்தவள் தான்தான் என்றும், தேவைப்பட்டால் மறுபடியும் முக்குவேன் என்றும் அத்தை சொன்னாள். பீஸ்லி கையுறையைத் திரும்ப மாட்டினார். அந்தச் சாலையில் எந்த பங்க்கில் நம்மவர்களுக்கு பெட்ரோல் போடுவார்கள் என்று தெரியாததால் ஆலைக்காரர்கள் இரண்டு டின்னில் நிரப்பிக் கொண்டுவந்து, சற்றுமுன் அப்பா படுத்திருந்த இடத்தில் வைத்தார்கள். போகிற வழியில் சர்ச் சமையலறையில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்தாள். எண்ணெய் இன்னும் தாளில் ஊறிக்கொண்டிருந்தது.

“எனக்குப் பசிக்கல அத்தை.”

“உனக்கு யாரு குடுத்தா? அந்தப் பையனுக்கு. இப்படித் தூங்குறவன் சரியா சாப்பிடாதவனாத்தான் இருப்பான்.” கதவைச் சாத்தினாள். ஜன்னலில் குனிந்து, “கிறிஸ்துமஸுக்கு முடியலன்னா ஈஸ்டருக்காவது வா,” என்றாள்.

பீஸ்லி அந்த வண்டியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார், நடக்கிறவர்களின் வேகத்தில். நகரத்தைத் தாண்டியதும், யாரும் பின்னால் வரவில்லை என்பதைக் கண்ணாடியில் இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, ஐம்பதைத் தொட்டார். “இதுக்கு இவ்வளவு வருமா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வழியெல்லாம் எதிரே வந்த கார்கள் ஓரங்கட்டின. கோதுமை வயல்களில் வெள்ளைக்கார விவசாயிகள் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். வேறு எந்த வண்டியில் வந்திருந்தாலும் அவளுக்காக யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். முதல் சில மைல் லூடீன் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு, இந்த மரியாதை அப்பாவுக்குச் சேர வேண்டியதுதானே என்று, அவர் சார்பில் ஒவ்வொருவருக்கும் தலையசைத்து வாங்கிக்கொண்டாள். ஒரு இடத்தில் சிரிப்பும் வந்தது. பிறகு சிரிப்பு வேறொன்றாக மாறியது. பீஸ்லி தொழில் தெரிந்தவர். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் ஒரு கைக்குட்டையை நீட்டினார்.

டோபிகாவில் கூடத்தின் வாசலில் பிஸ்கட் நின்றுகொண்டிருந்தான். சவ வண்டியைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான். முன்கதவைத் திறந்துகொண்டு லூடீன் இறங்கியதும் தொப்பி கையிலேயே நின்றது.

“லூ? யாருக்கு என்னாச்சு?”

“இந்தா. இது உனக்கு.”

பிரித்துப் பார்த்தான். கோழி. “யாரு குடுத்தது?”

“உனக்காக ஜெபம் பண்றவங்க.”

அப்படி யாரும் இருப்பதாக பிஸ்கட்டுக்குத் தெரியாது. ஆனால் கோழியிடம் கேள்வி கேட்கிற ஆளும் இல்லை அவன். ஒரு காலை எடுத்துக்கொண்டு, உள்ளே கையைக் காட்டினான். “போ. உள்ள ஒரு பல் டாக்டர் கஷ்டப்படறாரு.”

அவளுக்குப் பதிலாக அவசரத்துக்குப் பிடித்த உள்ளூர்ப் பல் மருத்துவர் ஏம்ஸ், சுத்தமான நகங்களோடு, உயர ஏற்றிய ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னாலிருந்த தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பில் ஸ்டோக்ஸின் பெயர் பளிச்சென்று இருந்தது. கீழே கோடுகள் காலி. அங்கங்கே ஒரு எழுத்து, ஒரு புள்ளி. நடுவில் ஓரிடத்தில், ‘இங்கே பிஸ்கட்டை எழுப்பவும்.’ பன்னிரண்டு பேருக்கும் எழுதியவள் பியானோவுக்கு மட்டும் எழுதவில்லை. ஹாலிஸ் தாளைப் பார்த்து வாசிக்கிறவன் இல்லை. தான் வாசிப்பதைத் தானே எதற்கு எழுதிவைக்க வேண்டும்?

ஸ்டோக்ஸ் கடிகாரத்தை வெளியே எடுத்தார். “மூணு மணின்னேன்.”

“மூணு மணிக்கு எங்கப்பாவைக் குழியில எறக்கிட்டிருந்தாங்க.”

கடிகாரம் திரும்பப் பைக்குள் போனது. ஸ்டோக்ஸ் தொண்டையைச் செருமினார். “இந்தத் தாள்ல ஒண்ணுமே இல்லையே ஹேட்சர்.”

“நீங்க எழுதினதுதானே மிஸ்டர் ஸ்டோக்ஸ். மேல உங்க பேரு இருக்கே.”

பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் தங்கள் ஷூக்களைப் பரிசோதித்தார்கள். டிரம்ஸ்காரன்கூடத் தட்டுவதை நிறுத்தினான். ஸ்டோக்ஸ் அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். லூடீன் அதை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். கொஞ்சம் பெரிய எழுத்தில்.

“ஒண்ணுல மட்டும் போட்டா எப்படி,” என்றார் ஸ்டோக்ஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “மத்ததுலயும் போடு. நாளைக்கு பஸ்ஸுல உக்காந்து போடு, இப்ப நேரமில்ல.”

ஏம்ஸ் ஏற்கெனவே எழுந்துவிட்டார். “எனக்குக் காலைல எட்டு மணிக்கு ஒரு கடவாய்ப்பல் இருக்கு,” என்றார் எல்லோரிடமும், விடுதலையான குரலில். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். ஜனம் வெயில் இன்னும் ஒட்டியிருந்த முகங்களோடு உள்ளே வந்தது. லூடீன் ஸ்டூலைச் சுற்றித் தன் உயரத்துக்கு இறக்கினாள். வலது காலைப் பியானோவின் மிதியில் வைத்தபோதுதான் பார்த்தாள். ஷூவின் ஓரமெல்லாம் மஞ்சள் களிமண் அப்பிக் காய்ந்திருந்தது. ஸ்டோக்ஸ் நாலு வரை எண்ணினார். கால் அழுந்தியது, எழுந்தது, அழுந்தியது. ஒவ்வொன்றுக்கும் பித்தளை மிதியின்மேல் கொஞ்சம் மண் உதிர்ந்தது. அதைச் சுற்றி ஒரு சின்ன மஞ்சள் வட்டம் உண்டானது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஏம்ஸ் அதைக் கவனித்து, குனிந்து துடைத்துவிடக் கைக்குட்டையை எடுத்தார். லூடீன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அடுத்த தாளைத் திருப்பினாள்.